ஏர்சாஃப்ட் காகிள்ஸுக்கு லென்ஸ் நிறம் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பிபி எனப்படும் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு ஆடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுக்குக் காகிள்ஸ் வாங்கப் போகும் பலரும் வெயிலை மனதில் வைத்துத்தான் லென்ஸ் நிறத்தை முடிவு செய்கிறார்கள். நடுப்பகல் வெயில், கண் கூசும், ஆகவே கறுப்பு லென்ஸ். இந்தக் கணக்கு தலைகீழ். வெயிலில் கண் கூசினால் தொப்பியின் விளிம்பை இறக்கிக்கொள்ளலாம், கண்ணைச் சுருக்கிக்கொள்ளலாம். வெளிச்சம் போதாத அறைக்குள் கறுப்பு லென்ஸோடு நுழைந்துவிட்டால் செய்ய ஒன்றுமில்லை. கார் ஓட்டுபவர் சுரங்கப்பாதைக்குள் போனதும் கூலிங் கிளாஸைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொள்வார். ஏர்சாஃப்ட் களத்துக்குள் காகிள்ஸைத் தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் களத்தில் நீங்கள் போகக்கூடிய இடங்களிலேயே மிக இருட்டானது எது என்று முதலில் பாருங்கள். லென்ஸை முடிவு செய்ய வேண்டியது அந்த இடம்.

படி 1: நிறத்துக்கு முன்னால் முத்திரை

நிறம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், லென்ஸ் அடி தாங்காவிட்டால் மேற்கொண்டு பேசிப் பயனில்லை. 0.20 கிராம் பிபி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். அடி கணக்கில் சொன்னால் நொடிக்கு 328 அடி, அதாவது 328 எஃப்.பி.எஸ். 500 எஃப்.பி.எஸ் ஸ்னைப்பர் துப்பாக்கியில் அதே பிபி ஏறக்குறைய 2.3 ஜூலைத் தொடும்.

இதை லென்ஸ் மீது பொறித்திருக்கும் தர முத்திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தரமான ஏ.என்.எஸ்.ஐ இசட்87.1-இல் 'இசட்87+' என்று கூட்டல் குறியோடு இருந்தால்தான் அது அதிவேக மோதலுக்குச் சோதிக்கப்பட்டது. 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை மூக்குக் கண்ணாடி வகை மீது நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்திலும், காகிள்ஸ் வகை மீது 76.2 மீட்டர் வேகத்திலும் அடித்துப் பார்க்கிறார்கள். கூட்டல் குறி இல்லாத வெறும் 'இசட்87' இந்தச் சோதனையைத் தாண்டியதாக அர்த்தமில்லை. ஐரோப்பிய ஈ.என் 166-இல் 0.86 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு. 'எஃப்' என்ற எழுத்து நொடிக்கு 45 மீட்டர், 'பி' என்ற எழுத்து 120 மீட்டர். கணக்குப் போட்டால் எஃப் என்பது 0.87 ஜூல், பி என்பது சுமார் 6.2 ஜூல். எஃகும் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி மோதுவதில்லை என்றாலும், 1 ஜூல் பிபி பறக்கும் இடத்தில் எஃப் முத்திரையை நம்பி நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. பி முத்திரையுள்ள, முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸையே எடுங்கள். மூக்குக் கண்ணாடி வகை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பக்கவாட்டிலும் கீழேயும் திறந்திருக்கும். சுவரில் பட்டுத் தெறிக்கும் பிபி அந்த இடைவெளியைத்தான் தேடி வரும்.

நிற லென்ஸ் வாங்கும்போது பலர் தவறுவது இங்கேதான்: முத்திரை காகிள்ஸின் சட்டத்தில் (ஃபிரேமில்) இருந்தால் போதாது, ஒவ்வொரு லென்ஸிலும் தனியாக இருக்க வேண்டும். கிளியர் லென்ஸோடு வந்த காகிள்ஸ் தரமானதாக இருக்கலாம். அதே அளவுக்கு வெட்டி, வேறு யாரோ செய்து விற்கும் 'பொருந்தும்' நீல மிரர் லென்ஸ் எந்தச் சோதனையையும் பார்த்திருக்காது. லென்ஸின் மேல் மூலையை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் பொறிப்பு தெரியும். தெரியவில்லை என்றால் அதைக் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சாதாரண கூலிங் கிளாஸ் எந்த நிறத்திலும் வேண்டாம். மெஷ் எனப்படும் கம்பி வலைக் காகிள்ஸில் நிறம் என்ற கேள்வியே எழாது, பனியும் படியாது. ஆனால் பிபி உடைந்தால் அதன் தூள் வலை வழியாகக் கண்ணுக்குள் போகும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். புற ஊதாக் கதிரைத் தடுப்பது கறுப்பு நிறம் அல்ல. லென்ஸ் செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே ஏறக்குறைய 380 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவைத் தன் இயல்பிலேயே நிறுத்திவிடுகிறது. கண்ணாடி போலத் தெளிவான லென்ஸும் இந்த வேலையைச் செய்யும். 'வெயிலில் ஆடுகிறேன், கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்பதற்காகக் கறுப்பு லென்ஸ் வாங்கத் தேவையில்லை. கூச்சம் குறைய வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள். லேசர் கதிருக்கும் இந்த நிற லென்ஸ்கள் பாதுகாப்பு அல்ல. அதற்குரிய லென்ஸ் தனி வகை, தனி முத்திரை.

படி 2: ஒளி கடத்தும் அளவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லென்ஸ் பெட்டியில் 'வி.எல்.டி' என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். லென்ஸில் விழும் ஒளியில் எத்தனை பங்கு கண்ணுக்கு வந்து சேர்கிறது என்பதுதான் அது. கூலிங் கிளாஸ்களுக்கான பொதுவான பிரிவுகள் இப்படி: 80 சதவீதத்துக்கு மேல் கடத்தினால் பிரிவு 0, 43 முதல் 80 வரை பிரிவு 1, 18 முதல் 43 வரை பிரிவு 2, 8 முதல் 18 வரை பிரிவு 3, 3 முதல் 8 வரை பிரிவு 4. ஐரோப்பியத் தொழில் கண்ணாடிகளில் '5-2.5' என்று இருந்தால் சுமார் 18 முதல் 29 சதவீதம், '5-3.1' என்றால் சுமார் 8 முதல் 18 சதவீதம். '2சி-1.2' என்பது கிளியர் அல்லது வெளிர் மஞ்சள் லென்ஸில் வரும் புற ஊதா முத்திரை. நிறங்களைச் சரியாக அடையாளம் காணலாம் என்பதை அதிலுள்ள 'சி' சொல்கிறது. ஏ.என்.எஸ்.ஐ லென்ஸில் 'எல்' என்ற எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் வரும். எண் கூடக் கூட லென்ஸ் கறுப்பு.

இந்தச் சதவீதம் களத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் நேரடி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். 15 சதவீத ஸ்மோக் (சாம்பல் நிற) லென்ஸ் அதை 15,000 ஆக்கும். இன்னும் நல்ல வெளிச்சம்தான், கண்ணுக்கும் இதம். அடர்ந்த மரங்களின் அடியில் வெளியே உள்ளதில் 1 அல்லது 2 சதவீதம்தான் இறங்கும் என்றால் 1,000 முதல் 2,000 லக்ஸ். அதே லென்ஸில் 150 முதல் 300. சமாளிக்கலாம், ஆனால் புதருக்குள் படுத்திருப்பவர் தெரியமாட்டார். பழைய கட்டடத்தின் உள்ளறை 200 லக்ஸ் என்றால் லென்ஸுக்குப் பின்னால் மிஞ்சுவது 30. அதுவும் வெயிலில் நின்றிருந்த கண்ணுக்கு.

அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இருட்டுக்குப் பழக 5 முதல் 10 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மங்கலில் பார்க்கும் செல்களுக்கு 20 முதல் 30 நிமிடம். வாசற்படியைத் தாண்டிய முதல் சில நொடிகளில் ஒருவர் என்ன பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எதிரே ஜன்னல் மட்டும் வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒருவர் நிற்கிறார், தலைக்கு மேல் சிவப்புத் துணியைப் பிடித்திருக்கிறார், அவர் ஏற்கெனவே அவுட். துணி பழுப்பாகத்தான் தெரிகிறது, அல்லது தெரியவே இல்லை. மூன்று அடி தூரத்தில் அவர் மேல் சுட்டுவிடுகிறீர்கள். லென்ஸ் கறுப்பாக இருப்பதால் வரும் தகராறுகளில் பாதி இந்த ரகம்.

படி 3: உங்கள் களத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் போதும். ஆட்டம் தொடங்கும் நேரம், முடியும் நேரம். ஒரே சுற்றில் வெயிலிலிருந்து நிழலுக்கோ கட்டடத்துக்கோ போக வேண்டியிருக்கிறதா. இரண்டு அணியும் அடையாளத்துக்குக் கையில் எந்த நிறப் பட்டை கட்டுகின்றன.

கட்டடம் ஒன்றாவது இருந்தால் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள எந்த லென்ஸும் வேண்டாம். முழுவதும் உள்ளரங்கு ஆட்டம் என்றால் கிளியர் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். அடர்ந்த காடு என்றால் 50 முதல் 90 சதவீதம் வரை. காடும் வெட்டவெளியும் கலந்த களத்தில் 35 முதல் 60 வரை. மணல், வறண்ட புல்வெளி, பனி மூடிய தரை, நீர்நிலை ஓரம் என்று நிழலே இல்லாத களத்தில் மட்டும் 12 முதல் 20 சதவீத லென்ஸ் தன் வேலையைச் செய்யும். பிரிவு 4 லென்ஸ், அதாவது 8 சதவீதத்துக்கும் கீழே, ஏர்சாஃப்டில் எங்கேயும் தேவைப்படாது.

மாலை ஆட்டத்தில் ஏமாறாதீர்கள். சூரியன் மறைந்த அரைமணி நேரத்தில் ஒளி நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கண் பழகிக்கொண்டே போவதால் இது உறைக்காது. நான்கு மணிக்கு மாட்டிய லென்ஸ் ஆறரைக்குப் பொருந்தாது என்பதை உணர்வதற்குள் இரண்டு பேரைத் தவறாகச் சுட்டிருப்பீர்கள்.

படி 4: நிறம் நிறமாக

கிளியர். சுமார் 90 சதவீதம். பாலிகார்பனேட்டின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் சாதாரணத் தெளிவான லென்ஸில் 90-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நிறம் மாறாது, அணிப் பட்டை தெளிவு, இரவிலும் உள்ளரங்கிலும் சரி. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் இதுதான். இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மஞ்சள். 80 முதல் 89 சதவீதம். நீல ஒளியை வெட்டிவிடும். மேகமூட்டத்திலும் லேசான பனியிலும் பொருள்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிவது போல் இருக்கும், ஏனென்றால் காற்றில் அதிகம் சிதறுவது நீல ஒளி. மாட்டியதும் உலகமே பளிச்சென்று ஆனது போலத் தோன்றும். அது தோற்றம் மட்டுமே. உள்ளே வரும் ஒளி கிளியரைவிடக் குறைவு. 'இரவுக்கு மஞ்சள்' என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். மங்கலில் வேலை செய்யும் கண் செல்கள் 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப் பச்சை ஒளிக்குத்தான் அதிகம் மசியும். மஞ்சள் லென்ஸ் வெட்டும் பகுதியில் அதன் ஓரமும் போய்விடுகிறது. இரவில் கிளியர் மட்டுமே.

ஆம்பர், ஆரஞ்சு. 45 முதல் 65 சதவீதம். மஞ்சளின் குணமே, இன்னும் அழுத்தமாக. நீல வானம் கருத்துவிடுவதால் வெள்ளை பிபி பறந்து போகும் பாதை நன்றாகத் தெரியும். பிபிக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப்பைத் திருகி, பிபி எங்கே எழும்புகிறது, எங்கே விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்பவருக்கு இது உண்மையான உதவி. ஆனால் நீல நிறம் செத்துவிடும். இதைப் பற்றி அடுத்த படியில்.

செம்பு, பழுப்பு. 20 முதல் 50 சதவீதம் வரை பல தரங்களில் கிடைக்கும். காடும் வெட்டவெளியும் கலந்த களத்துக்கு நாங்கள் முதலில் கைவைப்பது 40 முதல் 50 சதவீதச் செம்பு லென்ஸில்தான். நீலத்தைக் குறைத்து, பச்சையைச் சற்று மங்கவைத்து, சிவப்பையும் பழுப்பையும் முன்னே கொண்டுவரும். இலைகளுக்கு நடுவே மண்நிறச் சட்டையும் கை, கழுத்துத் தோலும் தனியே பிரிந்து தெரியும். உருமறைப்பு உடை முழுவதும் பச்சையாக இருந்தால் இந்த லாபம் குறைவு.

ரோஸ், வெர்மில்லியன். செம்பின் அண்ணன். பச்சை இன்னும் மங்கும், சிவப்பு இன்னும் எழும்பும். சிலருக்கு அரைமணி நேரத்தில் தலைவலி வருகிறது. கழற்றியதும் உலகம் கொஞ்ச நேரம் பச்சையாகத் தெரியும். வாங்குமுன் பத்து நிமிடமாவது போட்டுப் பார்க்க வேண்டிய நிறம் இது.

ஸ்மோக், சாம்பல். 12 முதல் 25 சதவீதம். எல்லா நிறத்தையும் சமமாகக் குறைப்பதால் அணிப் பட்டையின் நிறம் மாறாது. கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வேறுபாட்டைக் கூட்டாது.

பச்சை. சாம்பலுக்குப் பக்கத்தில் வரும். கண்ணுக்கு அலுப்பில்லை. ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி பார்க்கும் கருவி) வைத்திருப்பவர்கள் தவிர்க்கவும்.

மிரர் பூச்சு என்பது தனி நிறம் அல்ல. அடியில் இருக்கும் நிறம்தான் பார்வையைத் தீர்மானிக்கிறது. பூச்சு மேலிருந்து கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நீல மிரர் லென்ஸ் என்று வாங்கி உள்ளிருந்து பார்த்தால் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும். காட்டில் பதுங்கியிருக்கும்போது அந்தப் பூச்சு வெயிலைத் திருப்பி அடித்து நீங்கள் இருக்கும் இடத்தை ஐம்பது மீட்டருக்கு அப்பால் விளம்பரம் செய்யும். முள்செடியில் உரசினால் முதலில் உரிவதும் அதுதான்.

ஒளிக்கேற்ப நிறம் மாறும் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ் கேட்பதற்கு எல்லாச் சிக்கலுக்கும் தீர்வு போல இருக்கும். வெயிலில் ஒரு நிமிடத்துக்குள் கருத்துவிடும், சரி. வெளுக்கப் பல நிமிடம் ஆகும். வாசல் தாண்டும் அந்த முதல் நொடிகளுக்கு அது உதவாது. வெக்கையில் முழுதாகக் கருக்காது, குளிரில் அதிகம் கருத்து மெதுவாக வெளுக்கும். மெல்ல மெல்ல ஒளி மாறும் நீண்ட காட்டு ஆட்டத்துக்குப் பொருந்தும். கட்டடத்துக்குப் பொருந்தாது.

போலரைஸ்டு லென்ஸ் தண்ணீர், ஈரமான இலை, மணல் இவற்றிலிருந்து தெறிக்கும் பளபளப்பை வெட்டும். மழை பெய்து ஓய்ந்த காட்டில் வித்தியாசம் அப்பட்டம். ஆனால் எல்.சி.டி திரைகள் சில கோணத்தில் முழுக் கறுப்பாகிவிடும்: வாக்கி டாக்கி, கைக்கடிகாரம், வேகம் பார்க்கும் க்ரோனோ எல்லாம். போலரைஸ்டு லென்ஸ்களில் பல, ஒட்டிய அடுக்குகளால் ஆனவை என்பதால் மோதல் முத்திரையை இரட்டிப்புக் கவனத்தோடு தேடுங்கள்.

படி 5: மற்ற சாமான்களோடு ஒத்துப்போகிறதா

ரெட் டாட் புள்ளி ஏறக்குறைய 650 நானோமீட்டர் சிவப்பு. ஆம்பர், செம்பு, ரோஸ் லென்ஸ்கள் அதைத் தடையில்லாமல் விடும். சுற்றுப்புறத்தை மங்கவைத்துப் புள்ளியை விட்டுவிடுவதால் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். பச்சையும் நீலமும் புள்ளியைத் தின்றுவிடும். புள்ளி தெரியவில்லை என்று பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றினால் பேட்டரி தீரும், நிழலுக்குள் போனதும் புள்ளி பூதாகாரமாக வழியும். பச்சைப் புள்ளி ஆப்டிக் என்றால் கணக்கு மாறும்: அங்கே ரோஸ் லென்ஸ்தான் எதிரி. ரெட் டாட்டின் முன்கண்ணாடியே சிவப்பைத் திருப்பும் பூச்சு கொண்டது என்பதால் அதன் வழியே பார்க்கும்போது காட்சி லேசாக நீலமாக இருக்கும். மஞ்சள் காகிள்ஸோடு சேர்ந்தால் அது பச்சையாகத் தெரியும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இருட்டில் ஒளிரும் ட்ரேசர் பிபியின் பச்சை ஒளி மஞ்சளிலும் ஆம்பரிலும் வரும். ஆனால் ட்ரேசர் ஆடுவது இருட்டில் என்பதால் அங்கே கிளியரே போதும்.

இனி பட்டை. நீலப் பட்டையை ஆம்பர் லென்ஸ் வழியே பாருங்கள்: கருத்த பச்சை, நிழலில் வெறும் கறுப்பு. கறுப்புச் சட்டைக் கையில் கட்டியிருந்தால் பட்டையே இல்லாதது போலத் தெரியும். மஞ்சளும் வெள்ளையும் மஞ்சள் லென்ஸில் ஒரே நிறம். ரோஸ் லென்ஸில் ஆரஞ்சும் சிவப்பும் நெருங்கிவிடும். நீல அணிக்கு எதிராகவோ நீல அணியிலேயோ ஆடும்போது ஆம்பர் வேண்டாம். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்ப்பதில் குறை உள்ளவர்கள் செம்பு, ரோஸ் லென்ஸ்களைப் பட்டைத் துணிகளோடு சோதிக்காமல் வாங்கவே கூடாது.

படி 6: இரட்டை லென்ஸ், பனி, பவர் கண்ணாடி

தெர்மல் எனப்படும் இரட்டை லென்ஸில் இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கும். உள்தகடு முகத்தின் சூட்டுக்கு அருகில் இருப்பதால் மூச்சின் ஈரம் அதில் படிவது குறைவு. விலையாக ஒளியைக் கொடுக்க வேண்டும்: நான்கு பரப்பு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5 சதவீதம் என்றால் தெளிவான இரட்டை லென்ஸே 81 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அடுக்கிப் போடும்போது சதவீதங்களைப் பெருக்க வேண்டும், கழிக்கக் கூடாது. 50 சதவீத வெளித்தகடும் 90 சதவீத உள்தகடும் சேர்ந்தால் 45. உள்ளே 90 சதவீதப் பவர் கண்ணாடியும் இருந்தால் ஏறக்குறைய 40. எனவே இரட்டை லென்ஸும் பவரும் உள்ளவர்கள் தேவைக்கு ஒரு படி வெளிறிய நிறத்தை எடுக்க வேண்டும்.

காகிள்ஸுக்குள் மாட்டும் பவர் செருகியில் ஃபோட்டோக்ரோமிக் போட்டால் பணம் வீண். வெளியே இருக்கும் பாலிகார்பனேட் புற ஊதாவை நிறுத்திவிடுவதால் உள்ளிருப்பது பெரும்பாலும் கருக்காது.

பனி படிந்த லென்ஸில் நிறம் எதுவாக இருந்தாலும் பிரயோசனமில்லை. அதிலும் கறுப்பு லென்ஸில் பனி வந்ததை உணர நேரமாகும். இருட்டாகிவிட்டது என்றே முதலில் நினைப்பீர்கள்.

படி 7: வாங்கியதை வீட்டில் அளப்பது

பெட்டியில் போட்ட சதவீதத்தைச் சரிபார்க்க ஃபோன் போதும். ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, மேசை விளக்குக்கு அடியில் ஃபோனை அசையாமல் வையுங்கள். வெயிலில் வேண்டாம், மேகம் நகர்ந்தால் கணக்கு கெடும். ஒளி உணரி முன்கேமராவுக்கு அருகில் இருக்கும். அதைச் சுற்றிக் கறுப்பு அட்டையைச் சின்னக் குழாயாகச் சுருட்டி நிறுத்துங்கள், பக்க ஒளி புகாது. குழாய் வாயில் லென்ஸ் இல்லாமல் ஒரு அளவு, லென்ஸ் வைத்து ஒரு அளவு. 800-ம் 120-ம் வந்தால் 15 சதவீதம். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள்.

உணரி அளவைக் காட்டாத ஃபோன் என்றால் கேமராவின் கைமுறை அமைப்பைப் பயன்படுத்தலாம். ஐ.எஸ்.ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஒரே எண்ணில் நிறுத்தி, வெள்ளைத் தாளைப் படமெடுங்கள். லென்ஸ் இல்லாமல் 1/400 நொடியில் வந்த அதே வெளிச்சம், லென்ஸ் வைத்தபின் 1/60 நொடியில் வந்தால் 60-ஐ 400-ஆல் வகுத்து அதே 15 சதவீதம். மருத்துவத் துல்லியம் இல்லை, ஆனால் 40 என்று விற்றது உண்மையில் 20 என்றால் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து நிறச் சோதனை. களத்தில் கட்டும் எல்லாப் பட்டைத் துணிகளையும் ஒரு சிவப்புத் துணியையும் பச்சைச் செடி ஒன்றில் தொங்கவிடுங்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று லென்ஸோடு பாருங்கள். பிறகு அதே துணிகளை அறையின் மூலையில், விளக்கை அணைத்துவிட்டு. ஒரு துணியையாவது எந்த நிறம் என்று உடனே சொல்ல முடியவில்லை என்றால் அந்த லென்ஸ் அந்தக் களத்துக்கு ஆகாது.

கடைசியாக வாசல் சோதனை. வெயிலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, மங்கலான அறைக்குள் நுழைந்து மனதில் எண்ணுங்கள். எதிர்ச் சுவரில் மாட்டிய துணியின் நிறம் மூன்று எண்ணுவதற்குள் தெரிய வேண்டும். பத்து வரை போனால் லென்ஸ் அதிகக் கறுப்பு.

படி 8: மாற்றுவது, துடைப்பது, தூக்கிப்போடுவது

லென்ஸை மாற்றுவது பாதுகாப்புப் பகுதியில் மட்டும். கையைக் கழுவி உலர்த்துங்கள். சட்டத்தின் பள்ளத்தில் மணல் இருந்தால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஒரு மணல் துகள் மாட்டினாலும் லென்ஸ் அந்த இடத்தில் முழுதாக உட்காராது, பிபி பட்டால் அங்கேதான் பிதுங்கும். மாட்டும் முறை காகிள்ஸுக்குக் காகிள்ஸ் மாறும். மென்சட்டம் கொண்ட பலவற்றில் மூக்குப் பகுதியைப் பள்ளத்தில் உட்காரவைத்து, அங்கிருந்து இரு பக்கமும் ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போவது எளிது. எல்லாக் கொக்கிகளும் விழுந்தபின் லென்ஸின் நடுவில் இரண்டு கட்டை விரலாலும் உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அசைந்தால் கழற்றி மறுபடி.

வெளிப்புறத்தை நீரில் கழுவி, தூசி போனபிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த தூசியைத் தேய்த்தால் கோடு விழும். கறுப்பு லென்ஸில் சூரியனை நோக்கித் திரும்பும்போது ஒவ்வொரு கோடும் வெள்ளை நூலாகப் பளிச்சிடும். உட்புறத்தில் பனித்தடுப்புப் பூச்சு இருக்கும், ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் உரிந்துவிடும், உலரவிடுங்கள். இரட்டை லென்ஸை நீரில் மூழ்கவைக்காதீர்கள். விளிம்பு வழியாக நடுவில் நீர் புகுந்தால் உலர நாள்கணக்காகும், கறையும் போகாது.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம், அசிட்டோன், தின்னர், திருகுப் பசை எதுவும் பாலிகார்பனேட் பக்கம் வரக்கூடாது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும், அடுத்த அடியில் லென்ஸ் பிளக்கும். இதே காரணத்தால் வீட்டில் ஸ்ப்ரே அடித்து நிறமேற்றுவது, கார் ஜன்னல் ஃபிலிம் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். பெயின்ட்டின் கரைப்பானும் ஃபிலிமின் பசையும் பிளாஸ்டிக்கை என்ன செய்கின்றன என்பது அடி விழும்போதுதான் தெரியும். நிறம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்த்த லென்ஸை வாங்குங்கள்.

வாங்கும் வரிசை: முதலில் கிளியர், பிறகு 40 முதல் 50 சதவீதச் செம்பு. வெட்டவெளிக் களத்தில் அடிக்கடி ஆடுபவர் மட்டும் மூன்றாவதாக 15 முதல் 20 சதவீத ஸ்மோக். களத்துக்குப் போகும்போது கிளியரைப் பையில் வைக்காமல் போகாதீர்கள். அதைத் தனித் துணிப்பையில், முகப்பு வளைவு நசுங்காத இடத்தில் வையுங்கள். அருகிலிருந்து நேராக அடி வாங்கிய லென்ஸை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, வெண்புள்ளியோ நட்சத்திர விரிசலோ கொக்கியோரம் கீறலோ தெரிந்தால் அன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைக்காமல் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.